சோணையின் சட்டையில் ஒரு கட்டம்

அன்பு மாப்ள சோணை,

போன ஞாயிற்றுக்கிழமையும் கூடினோம். இதை முதலில் சொல்லாவிட்டால் வேறு எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். சிம்மக்கல்லில் உன் தையல் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, வெட்டுப் பலகையைத் தரையில் இறக்கிப் போட்டு, இபுராகிம் பாய் ஒரு பக்கம், வண்டிக்காரப் பாண்டி அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் பக்கம் காலி. பாண்டி அண்ணனுக்கு இன்னும் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இன்னும் வரவில்லை.

நான் எண்ணெய் என்ஜின் பழுது பார்க்கிறவன். தொழிற்பள்ளியில் வரைபடம் போடப் படித்தவன். இரும்பை மயிரிழை பிசகாமல் அளக்கத் தெரியும்; துணியைத் தொட்டால் எரிச்சல் வரும். என்னைப் போய் வாரம் ஒரு கட்டம் ஒட்டுத்துணி தைக்க உட்கார வைத்தாயே, எப்படி வைத்தாய்? அதை நினைத்துப் பார்க்கத்தான் இப்போதெல்லாம் ஞாயிறு தேவைப்படுகிறது.

நீ பட்டறைக்கு வந்து நின்ற அன்று நான் ஒரு பம்ப்புக்கு வால்வு தேய்த்துக்கொண்டிருந்தேன். "மாப்ள, உங்க வீட்டுல பழைய துணி கிடந்தா ஒண்ணு குடுறா" என்றாய்.

"உன் கடையில வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக் கிடக்கு. எங்க வீட்டுக் கிழிசல் உனக்கு எதுக்கு?" என்றேன்.

அப்போதுதான் சொன்னாய். பஞ்சவர்ணம் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று. முதல் பிள்ளையும் தங்கவில்லை, இரண்டாவதும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளையைச் சொந்தத் துணியில் கிடத்தக் கூடாதாம். நாலு வீட்டில் பிச்சை கேட்டு வாங்கிய பழந்துணியில்தான் கிடத்த வேண்டுமாம். நாதியில்லாத பிள்ளை போலிருக்கிறது என்று எமன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவானாம்.

"எமன் என்ன ரேஷன் ஆபீசரா, வீடு வீடா வந்து துணியச் சோதிக்க?"

"நான் நம்புறேன்னா சொன்னேன்? அவ நம்புறா மாப்ள. தொட்டில் கம்பப் பார்த்தாலே அழுகுறா. ஒரு கந்தத் துணியால அவ நிம்மதியாத் தூங்குவான்னா உனக்கு என்னடா நட்டம்?"

தேய்த்துக்கொண்டிருந்த வால்வைக் கீழே வைத்துவிட்டேன். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

ஆனால் உனக்கு ரோஷமும் உண்டு. கண்டவன் வாசலில் நின்று கேட்க மாட்டாய். பிச்சையாகவும் இருக்க வேண்டும், பிச்சை கேட்டதாக ஊர் பேசவும் கூடாது. இப்படி ஒன்றுக்கொன்று முட்டுகிற இரண்டு நிபந்தனைகளை என்னிடம் கொடுத்திருந்தால் முடியாது என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். நீ ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்தாய். வாரம் ஒருவன், ஒரு வீட்டிலிருந்து ஒரு பழந்துணி கொண்டுவருவான். நீ தோள் துண்டை ஏந்துவாய், அவன் அதில் போடுவான். அதில் ஒரு கட்டம் வெட்டி, பிள்ளைக்காகத் தைத்து வரும் ஒட்டுப் போர்வையோடு சேர்த்து, ஆளுக்கு ஒரு பக்கம் தைப்போம். தெருவில் போகிறவர்களுக்கு நாலு வெட்டிப்பயல்கள் அரட்டை அடிப்பது போல் இருக்கும்.

முதல் வாரம் என்னுடைய முறை. கன்ட்ரோல் கடை வரிசையில் நின்று புதுத்துணி வாங்கிக்கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? யுத்த காலத்தில் ஒரு முழம் புதுத்துணி! நீங்கள் மூன்று பேரும் வாய் பிளப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்க மிஸ்திரி," என்றார் பாய், "எமனுக்கு விலாசம் எழுதிக் கொண்டாந்திருக்கீங்க போல."

"எலேய், கிழிசல் கேட்டா புதுசு கொண்டாந்திருக்கான்டா படிச்ச பய!" என்று பாண்டி அண்ணன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை பலகை மேல் விழுந்தது. நான் கோபத்தில் வீட்டுக்குப் போய் என் பழைய காக்கி டவுசரைக் கொண்டுவந்து உன் துண்டில் எறிந்தேன். அதை வெந்நீரில் போட்டு எத்தனை தடவை அலசியும் என்ஜின் எண்ணெய் வாடை போகவில்லை. "பரவாயில்ல மாப்ள, புள்ள கெட்டிக்காரனாப் பெறப்பான்" என்றாய். பொட்டப்பிள்ளையாகவும் இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

கட்டங்கள் கோணல்மாணலாக இருந்ததால் நான்தான் தகரத்தில் ஒரு சதுரம் வெட்டி, ஓரம் அரத்தால் தேய்த்துக் கொண்டுவந்தேன். அதை வைத்துக் கோடு போட்டபிறகுதான் நாலு மூலையும் ஒன்றோடொன்று சேர்ந்தது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்றால், பாய் இப்போதெல்லாம் அந்த யோசனை தன்னுடையது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பாய் வீட்டிலிருந்து அவர் மனைவியின் முக்காட்டுத் துணி வந்தது, நாவல்பழ நிறத்தில். பாண்டி அண்ணன் கொண்டுவந்ததுதான் உச்சம். அலங்காநல்லூரில் அவர் மாமன் வீட்டுக் காளையின் கொம்பில் கட்டியிருந்த சிவப்புத் துண்டு.

"மாட்டுக் கொம்புல கெடந்ததையா பச்சப்புள்ளைக்குப் போடுவாக?" என்று பாய் கேட்டார்.

"என்னங்க பாய், இம்புட்டு ஆம்பளையும் பக்கத்துல போகப் பயந்த துணி. எமன் எம்மாத்திரம்?"

அன்று நீ சிரித்துச் சிரித்து ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாய். தையல்காரன் விரலில் ஊசி ஏறுவது அவமானம் என்று சொல்லி எங்கள் மூவரையும் சத்தியம் செய்யச் சொன்னாய், வெளியே சொல்லக் கூடாதென்று. இப்போது எழுத்திலேயே சொல்லிவிட்டேன். வந்து சண்டை போடேன், பார்ப்போம்.

அந்த ஞாயிறுகளில் வேறு பெரிதாக என்ன நடந்தது? ஒன்றுமில்லை. வைகை மணலில் வெளுத்துக் காயப்போட்ட துணிகள் கடை வாசலிலிருந்தே தெரியும். சந்து முனையில் சுண்டல்காரன் கத்துவான். நீ வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே தைப்பாய், ராகம் ஒன்று, தாளம் வேறு. 'இன்னும் எம்புட்டு நேரம்டா' என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். போகத்தான் கேட்கிறேன் என்று நீ நினைத்திருந்தால், மாப்ள, அது அப்படியில்லை.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் தாங்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. ஒரு யந்திரம் நின்றால் எங்கே நின்றது என்று பிரித்துப் பார்ப்பேன். உன்னைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அவர் கையை விரித்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அவரோடு சண்டை போட்டேன். பாய்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அப்போது பஞ்சவர்ணத்துக்கு ஏழு மாதம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கே அவளை அழைத்துப் போய்விட்டார்கள். போர்வையில் கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் துணிமணிகளை வண்ணானுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தார்கள். நாங்கள் மூவரும் போர்வையோடு அங்கே போயிருந்தோம். பஞ்சவர்ணம் அந்தக் குவியலிலிருந்து உன் நீலக்கோடு போட்ட சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிக் கட்டம் இதில்தான் என்றாள்.

உன் மாமியார் விடவில்லை. "இது என்னடி கூத்து? செத்தவன் துணியப் பச்சப்புள்ள மேல போடுவாகளா? அதுவும் சொந்த வீட்டுத் துணி! இத்தன நாளும் பிச்ச கேட்டதெல்லாம் வீணாப் போகும்டி. இதுவும் போயிட்டா என்ன செய்வ?"

உன் மாமியாரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர் அவர். இப்போது மருமகனையும்.

பஞ்சவர்ணம் சட்டையைத் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு, "அப்ப இந்தப் புள்ளைக்கு அவுகளோடது ஒண்ணுமே கிடையாதா?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

மாப்ள, எனக்கு அழத் தெரியாது. யோசிக்கத்தான் தெரியும். விதி என்ன சொல்கிறது? பிறத்தியார் வீட்டுத் துணியாக இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவன் உடுத்திய பழந்துணியாக இருக்க வேண்டும். கேட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதானே? விதிக்குள் இடம் இருந்தது. நான் எழுந்து போய் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டேன்.

"ஆத்தா, இத வண்ணானுக்குக் குடுக்க வேண்டாம். எனக்குக் குடுங்க. நான் போட்டுக்கிறேன்."

"ஏப்பா, ஒனக்கு என்ன கிறுக்கா? செத்தவன் சட்டைய எவனாவது போடுவானா?"

"துணி கிடைக்கிற காலமா ஆத்தா இது? எங்கிட்ட இருக்கிறதே ஒரு சட்டை."

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. பாய் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆற்றைத் தாண்டி வரும் வழியில் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

போட்டேன். உனக்கு உடம்பு ஒல்லி. எனக்குக் கக்கத்தில் இறுக்கியது. பட்டறைக்கு அதோடுதான் போனேன். என் வேர்வை அதில் ஏறியது. டீசல் ஏறியது. என் அம்மா முணுமுணுத்துக்கொண்டே துவைத்துப் போட்டாள். ஒருநாள் சிம்மக்கல்லில் பின்னாலிருந்து யாரோ "டேய் சோணை!" என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். பாண்டி அண்ணன். மூட்டை ஏற்றிய வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஏசினார்கள். அவர் காதில் விழவில்லை.

மார்கழியில் ஒரு மத்தியானம், நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த நேரம், வாசலில் பஞ்சவர்ணம். நிறைமாதம். பின்னால் உன் மாமியார், முகம் கடுகடுவென்று. பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். துக்க வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுப் படி ஏறலாமா என்று பக்கத்து வீட்டில் முணுமுணுப்புக் கேட்டது. ஏறவில்லை. தெருவிலேயே நின்று முந்தானையை ஏந்தினாள்.

"அண்ணே, எம்புள்ளைக்கு ஒரு துணி பிச்சை போடுங்கண்ணே."

நீ ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. துண்டை ஏந்தும்போதெல்லாம் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைத்துவிடுவாய். அவள் கேட்டாள். நான் உடம்பிலிருந்து சட்டையைக் கழற்றி முந்தானையில் போட்டேன்.

உன் மாமியார் குறுக்கே வந்தார். "நில்லுடி. இது யார் வீட்டுத் துணி?"

"என் வீட்டுத் துணி ஆத்தா. நான் உடுத்தினது. வேணும்னா மோந்து பாருங்க."

எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். எதைத் தேடினாரோ தெரியாது. பிறகு, "எண்ணெ நாத்தம் கொடலப் புடுங்குது," என்று சொல்லி மகளின் முந்தானையில் வைத்து, அவரே முடிச்சுப் போட்டுவிட்டார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

அந்த ஞாயிறு கடைசிக் கட்டம் தைத்தோம். மூன்று பேர், நாலு பக்கம். நாலாவது பக்கத்தைப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்குக் கொஞ்ச தூரம். பாய் வேண்டுமென்றே பொத்தான் காஜா விழுகிற மாதிரி வெட்டியிருந்தார். கட்டத்தில் ஓட்டை எதற்கு என்று கத்தினேன். "இருக்கட்டும் மிஸ்திரி, அது அவன் கையால போட்ட காஜா," என்றார்.

தை பிறந்ததும் பெண் பிறந்தாள். பிச்சையம்மாள் என்று பேர். வேறு என்ன வைப்பார்கள்? உன் மூக்கு, அதற்கு நான் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். குரல் மட்டும் பாண்டி அண்ணன் மாமன் வீட்டுக் காளை. மூத்தது இரண்டும் தாண்டாத மாதத்தை இவள் தாண்டிவிட்டாள், மாப்ள. அன்றைக்குப் பஞ்சவர்ணம் சொல்லி அனுப்பவில்லை. உன் மாமியார்தான் நடந்தே ஆற்றைத் தாண்டிப் பட்டறைக்கு வந்து, "தம்பி, புள்ள நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

துணியாலா தங்கினாள்? இல்லை. இப்போதும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் போன வாரம் கீழமாசி வீதியிலிருந்து ஒருவன் பாயைத் தேடி வந்தான். அவன் வீட்டிலும் பிள்ளை தங்கவில்லையாம். தகரச் சதுரத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது நான்தான். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். பஞ்சவர்ணத்துக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. தெருவில் நின்று என்னைத்தான் அண்ணே என்றாள். அதனால் என் மடிதான். அவள் எவ்வளவு கத்தினாலும், ஆசாரி எவ்வளவு மெதுவாகச் செய்தாலும், எரிந்து விழாமல், "இன்னும் எம்புட்டு நேரம்" என்று ஒரு தடவைகூடக் கேட்காமல், முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
கருப்பையா