தலையைத் தொட்டு எண்ணு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மூன்று சட்டைக்குக் காலர் வைத்தேன். மாலையில் தெருக் கூட்டம். இந்த மழைக்கு வெள்ளம் வந்தால், மாடி ஏறியவர்களை எண்ணும் பொறுப்பு யாருக்கு என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

போன வருட வெள்ளத்தில், பள்ளிக்கூட மாடியில் எண்ணியவள் நான். "டிரைவர் அப்பவே மேல ஏறிட்டாரு" என்று யாரோ சொன்னதை நம்பி டிக் போட்டேன். அவரோ ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது; அவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரே ஒரு டிக் — நானெல்லாம் என்ன ஜென்மம்?

அவர் மனைவி நர்ஸ். அன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி. எதிர்வீடுதான், ஆனால் அதன்பிறகு என்னோடு பேச்சில்லை. இன்று அவள்தான் எழுந்தாள். "தையக்கார அக்காவே எண்ணட்டும்."

ஏன்?

ஜூன் 5, வியாழன்

பால் கடையில் நர்ஸைப் பிடித்துக் கேட்டேவிட்டேன். "என்னைப் பழி வாங்குறியாடி?"

"யாரு என்ன சொன்னாலும் இனிமே நீங்க நம்ப மாட்டீங்கக்கா. அப்படி ஒரு ஆளுதான் வேணும்."

பால் பாக்கெட்டோடு போய்விட்டாள். மன்னித்தாளா? தெரியவில்லை. வேலை கொடுத்திருக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

ஒத்திகை. என் விதி ஒன்றே ஒன்று: தலையில் என் கை பட்டால்தான் ஆள் கணக்கு. என்னை விட்டு நாற்பத்திரண்டு தலை.

ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் முறைத்தார். "என் தலையில எவனும் கை வச்சதில்ல." "அப்ப தண்ணியிலயே இருங்க சார்" என்றாள் நர்ஸ். வைத்தேன். தலைமுடி கையோடு வந்துவிட்டது! விக்! இருபது வருடமாகத் தெருவுக்கே தெரியாது. முதலில் கறுத்துப்போனார், பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வயிறு வலித்தது. சிரித்து ஒரு வருடம் ஆயிற்று.

ஜூலை 19, சனி

வந்துவிட்டது. காலை பத்துக்கு சைரன். மாடியில் நாற்பத்தொன்று. இன்ஸ்பெக்டரைக் காணோம்.

"பின்னாடியே வர்றாரு" என்று நாலு பேர் சத்தியம் செய்தார்கள். கை படவில்லையே! நான் இறங்கினேன். நர்ஸும் வந்தாள். இடுப்பளவு தண்ணீர். அவர் வீட்டுக் கதவை உள்ளே புகுந்த தண்ணீர் அழுத்தித் திறக்கவிடவில்லை. இருவரும் தோள் கொடுத்து இடித்தோம். உள்ளே மனிதர் பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறார் — விக்கைத் தேடி! "உசுரை விட முடி பெருசா சார்?" என்று நர்ஸ் போட்ட சத்தத்தில் வெறுந்தலையோடு வந்தார்.

மாடியில் அந்த வழுக்கையில் கை வைத்தேன். நாற்பத்திரண்டு! கத்திக்கொண்டே அழுதேன்.

ஜூலை 20, ஞாயிறு

தண்ணீர் வடிகிறது. எல்லாரும் இருக்கிறோம்.

ஜூலை 22, செவ்வாய்

தெரு முழுக்கச் சேறு, துடைப்பம், கூச்சல். என் மெஷின் மோட்டார் போயே போச்சு. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் சேற்றுக்காலோடு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். கூப்பிடவில்லை, கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் என் பெரிய வாளியை எடுத்தாள்.

"சோப்புத்தூள் எங்கக்கா வச்சிருக்கீங்க?"

மேல் தட்டு என்றேன்.

வாளி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை.