கேட்டாத்தான் எஸ்பிரஸோ

ஏனுங்க,

காலையில் பரணிலிருந்து அந்தச் சிவப்பு பிளாஸ்க்கை இறக்கினேன். மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனால், கழுவிக் கவிழ்த்து ஒரு வருசம் ஆகியும் பேக்கரிக் காப்பி வாசம் உள்ளே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. சில மனுசங்களும் அப்படித்தான், எத்தனை கழுவினாலும் போகமாட்டாங்க. உங்களைச் சொல்லலீங்க. சரி, உங்களைத்தான் சொன்னேன்.

இன்றைக்கு உங்களுக்கு முதல் வருசம். நம்ம மக பல்லடத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். சாயங்காலம் படையல். கோழிக் குழம்பு, கச்சாயம், ஒரு கட்டு பீடி என்று உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அந்த மிஷின்ல ஒரு காப்பி போட்டு வெச்சரும்மா. பாவம், அப்பா அதைக் குடிக்காமயே போயிட்டாரு."

அடுப்படியில் அவள் கோழி வெட்டுகிறாள். நான் இங்கே அவளுடைய பழைய நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்ற கை, கோணல்மாணலாகத்தான் ஓடும். இருந்த காலத்தில் உங்க பேரை வாயால் சொன்னதில்லை, இப்போதும் எழுத மாட்டேன். காப்பி வைப்பதா வேண்டாமா என்று பொழுது சாய்வதற்குள் முடிவு பண்ணணும். அதற்கு முன்னால் நீங்க எனக்குச் செய்ததையும் நான் உங்களுக்குச் செய்ததையும் ஒருதரம் உங்களிடமே சொல்லிப்போடறேன். குறுக்கே பேச முடியாது உங்களால். நல்ல வசதி.

மகளைப் பெண் பார்க்கப் பல்லடத்துக்காரங்க வந்த அந்த ஆனி மாசம் ஞாபகம் இருக்குதுங்களா? தறி வைத்திருக்கிற குடும்பம், நம்மைவிட ஒரு படி மேலே. நான் முதல் நாளே எருமைப் பாலுக்குச் சொல்லிவைத்து, நல்ல தூளாகப் பார்த்து வாங்கி, விடிகாலையில் டிகாக்ஷன் இறக்கி மூடிவைத்திருந்தேன். அஞ்சு பேர் வந்து பாயில் உட்கார்ந்தாங்க. நான் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீங்க வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு இந்தச் சிவப்பு பிளாஸ்க்கோடு உள்ளே வந்தீங்க. பேக்கரியில் வாங்கின எஸ்பிரஸோ. அதை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டே எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னீங்க:

"எங்கூட்டுக்காரி காப்பியக் குடுத்தா வந்த சம்பந்தம் அடுத்த பஸ் ஏறிப் போயிரும்ங்க!"

பாய் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். எப்போதும் நான்தானே முதலில் சிரிக்கிறவள். ஒரு கையில் பால் போசி, இன்னொரு கையில் துணி, பல் அத்தனையும் வெளியே. அடுப்படிக்குத் திரும்பி வந்தபிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மாட்டேன் என்றது. இருபத்திரண்டு வருசமாக என் காப்பியைக் குடித்துவிட்டு லேத்துப் பட்டறைக்குப் போன மனுசன்! ஒருநாள், ஒரே ஒருநாள், நல்லா இல்லைன்னு என்னிடம் சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் மாற்றிப் போட்டிருப்பேன். ஊரார் முன்னால்தான் உங்க நாக்குக்கு ருசி தெரிந்தது.

சம்பந்தம் முடிந்தது, ஆவணியில் கல்யாணமும் முடிந்தது. ஆனால் சம்பந்தியம்மா என்னை எங்கே பார்த்தாலும், "என்னங்க பிளாஸ்க் சம்பந்தி, சௌக்கியங்களா?" என்றுதான் கேட்பாங்க. விளையாட்டுக்குத்தான். எனக்கும் விளையாட்டு பிடிக்கும். அதனால்தான் நான் ஆடின விளையாட்டு அத்தனை சுத்தமாக இருந்தது.

தலை தீபாவளிக்கு அவங்க நம்ம வீட்டுக்கு வந்தாகணும். அதற்குள் பேக்கரிக்காரன் தோற்கிற மாதிரி ஒரு எஸ்பிரஸோ மிஷின் வீட்டில் இருக்கணும் என்று முடிவு பண்ணினேன். கையில் இருந்தது மில்லில் கொடுத்த போனஸ் மட்டும். உங்களிடம் ஒத்தை ரூபாய் கேட்கக் கூடாது. கேட்டால் பழிக்கு மரியாதை இல்லை.

மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் என் பக்கத்து மிஷின் சரசாவைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். பையில் தூக்குப்போசி நிறையப் பால், ஒரு பொட்டலம் காப்பித் தூள், ரெண்டு டம்ளர். சரசா கேட்டாள், "ஏனக்கா, மிஷின் வாங்கப் போறமா, கட்டுச்சோத்து விருந்துக்குப் போறமா?"

"ஓட்டிப் பாக்காம மோட்டாரையும், பசியில பாக்காம மாப்பிள்ளையையும் நம்பாதே" என்றேன். நீங்க சொல்வதுதானே? நம்ம பெரியநாயக்கன்பாளையத்தில் தொட்டித் தண்ணீரில் போட்டு ஓட்டிக் காட்டாத பம்பு மோட்டாரை யார் வாங்குவாங்க? காப்பி மிஷினும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். உங்க பாடத்தை வைத்தே உங்களுக்குக் குழி வெட்டினேன், பார்த்துக்கோங்க.

ஒப்பணக்கார வீதியில் முதல் கடையில் காட்டியது குக்கர் மேலே மாட்டுகிற ஒரு குழாய். குக்கர் ஆவி குழாய் வழியாக வந்து பாலை நுரைக்க வைக்குமாம். விலை மலிவு. சரசா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது காப்பிக்கு இல்லக்கா, ஆஸ்பத்திரியில மூக்குல சொருகறது" என்றாள். டிகாக்ஷனை நான் தனியாகத்தான் போடணும் என்றால் அப்புறம் அது என்ன மிஷின்? வைத்துவிட்டோம்.

ரெண்டாவது பெரிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு வெளிநாட்டு மிஷின், மணவறையில் உட்கார்ந்த பெண்ணாட்டம் இருந்தது. தொட்டுப் பார்க்கக் கேட்டேன். "ஓட்டியெல்லாம் காட்ட முடியாதுங்க அம்மா, வெளிநாட்டு அயிட்டம்" என்றான் கடைக்காரன். "அப்ப வெளிநாட்டுக்காரங்ககிட்டயே வித்துக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். உண்மையைச் சொன்னால் ரெண்டு வருசப் போனஸ் சேர்ந்தாலும் அது வந்திருக்காது. அதை அவனிடம் ஏன் சொல்லணும்?

மூன்றாவது, பின்சந்தில் ஒரு சின்னக் கடை. அங்கே இருந்தது நம்ம பக்கத்துக் கம்பெனியிலேயே பாகம் பூட்டிச் செய்த மிஷின். எவர்சில்வர் உடம்பு, தண்ணீர் ஊற்ற மேலே ஒரு திருகு மூடி, தூள் போட ஒரு கைப்பிடி, பால் நுரைக்க ஒரு மூக்கு. அழகு என்று சொல்ல முடியாது. மூடியைக் கழற்றி மரையைப் பார்த்தேன். பித்தளை மரை, ஆழமாக வெட்டியிருந்தது. ஒரு கடைசல்காரரோடு இத்தனை வருசம் குடித்தனம் பண்ணினவளுக்கு மரை பார்க்கத் தெரியாதா? வீட்டிலேயே ஒரு மரை கழண்டது இருந்ததே!

"ஓட்டிக் காட்டுங்க" என்று பாலையும் தூளையும் எடுத்துவைத்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டார், ஆனால் ஓட்டினார். மிஷின் முக்கியது, முனகியது, சொட்டுச் சொட்டாக அழுதது. அவர் என் தூளை முகர்ந்து பார்த்தார்.

"சிக்கரி கலந்துருக்குதுங்களே. அது ஊறி அடைச்சுக்கும்ங்க. ரவையாட்டம் அரைச்ச சுத்தத் தூள் வேணும்."

சரசா ஓடிப்போய்ப் பக்கத்துத் தூள் கடையில் சிக்கரி இல்லாமல் அரைத்து வாங்கி வந்தாள். இந்தத் தடவை கறுப்பாக, மேலே தவிட்டு நிற நுரையோடு இறங்கியது. ஒன்றோடு நான் விடவில்லை. ஒரு டம்ளருக்கு எந்த மிஷினும் ஓடும், அஞ்சாவது டம்ளருக்கு மூச்சு வாங்காமல் ஓடினால்தான் மிஷின். தூக்குப்போசி காலியாகும்வரை ஓடவிட்டேன். சரசா, கடைக்காரர், பக்கத்துக் கடைத் தையல்காரர், சந்தில் போன ஒரு போஸ்ட்மேன், எல்லோரும் குடித்தாங்க. அஞ்சாவதும் அதே சூடு, அதே நுரை. நுரைமேல் ஒரு சிட்டிகைத் தூள் தூவினால் முழுகாமல் நின்றது.

"மூடியில இருக்கற ரப்பர் வாசர் போனா என்ன பண்றதுங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போகாதுங்க."

"போகாதுன்னு சொல்றதுதானுங்க மொத போகும்" என்று சொல்லிக்கொண்டே போனஸ் கவரை நீட்டினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பெற்ற பிள்ளையாட்டம். உங்க முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்ததில் கண்டக்டர் ரெண்டுதரம் திரும்பிப் பார்த்தார்.

தீபாவளியன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து எல்லோரும் அதே பாயில் உட்கார்ந்தீங்க. நான் மிஷினைக் கூடத்துக்கே கொண்டுவந்து பாய்க்கு எதிரே ஸ்டூல்மேல் வைத்தேன். புஸ்ஸென்று ஆவி விட்டது. மாப்பிள்ளைக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று, சம்பந்தியம்மாவுக்கு நுரை தளும்ப ஒன்று. சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, மீசைபோல நுரையோடு, "அடேயப்பா! பேக்கரிக்காரன் பிச்சை வாங்கோணும்ங்க" என்றாங்க. நீங்க கையை நீட்டினீங்க. நான் உள்ளே போய் இந்தச் சிவப்பு பிளாஸ்க்கை எடுத்துவந்தேன். அன்றைக்கு அதிகாலையிலேயே பேக்கரியில் வாங்கி வைத்தது. உங்க டம்ளரில் அதை ஊற்றினேன்.

"உங்களுக்கு இதுதானுங்களே புடிக்கும்? என்ற காப்பியக் குடிச்சுப்போட்டு நீங்க பஸ் ஏறிட்டா நா என்ன பண்றது?"

இந்தத் தடவை பாய் சிரித்த சிரிப்பில் ஓடு அதிர்ந்தது. நீங்களும் சிரித்தீங்க, பல் அத்தனையும் வெளியே. எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று.

அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்டீங்க, "எனக்கில்லையா அம்மணி?"

"எல்லார்த்துக்கும் முன்னால சொன்னதை எல்லார்த்துக்கும் முன்னால வாங்கிக்குங்க. அவங்க பாக்க, 'உன்ற காப்பி ஒண்ணு குடு'ன்னு கேளுங்க. கேட்டாத்தான் குடுப்பேன்."

நீங்க கேட்கவில்லை. நானும் விடவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் நானே தினமும் பேக்கரிக் காப்பியை பிளாஸ்க்கில் வாங்கி வந்தேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க வந்து உட்காருவீங்க. மிஷின் புஸ்ஸென்னும். உங்க மூக்கு முயல் மூக்காட்டம் ஆடும். நான் என் டம்ளரை உறிஞ்சிக்கொண்டே உங்களுக்கு பிளாஸ்க்கைச் சாய்ப்பேன். அத்தனை சந்தோசமாக நான் இருந்ததே இல்லைங்க, சத்தியமாக.

மார்கழியில் வாசர் போயிற்று. மூடி ஓரமெல்லாம் ஆவி சீறி, மிஷின் அடங்கிவிட்டது. கடைக்குப் போனால், பூட்டித் தந்த கம்பெனியையே மூடிவிட்டாங்களாம், வாசர் கிடையாதாம். நான் மிஷினைத் துணி போட்டு மூடிவைத்தேன். உங்களிடம் வாயே திறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தால் ஸ்டூல் காலி. சாயங்காலம் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கி வைத்தீங்க. மோட்டாருக்குப் போடுகிற கெட்டி ரப்பரில் வாசர் வெட்டி, அது நகராமல் இருக்கப் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து போட்டிருந்தீங்க. மோதிரம்போல மின்னியது.

"ஓட்டிப் பாரு அம்மணி. இனி ஜென்மத்துக்கும் ஒழுகாது."

ஓட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நீங்க நின்றுகொண்டே இருந்தீங்க. இப்போது கேட்பார் என்று நான் நினைத்தேன். இப்போது தருவாள் என்று நீங்க நினைத்திருப்பீங்க. நான் பிளாஸ்க்கைச் சாய்த்தேன். "பொங்கலுக்குப் பல்லடத்துக்காரங்க வாராங்க, அப்பக் கேட்டுக் குடிங்க" என்றேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் லேத்து முன்னே நின்ற மேனிக்கே உட்கார்ந்தீங்க. எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உங்க பட்டறைப் பழனி என்னிடம் சொன்னார்: "அக்கா, வளையம் போட்ட அன்னிக்கு அண்ணன் பட்டறையில எங்க எட்டுப் பேருக்கும் அந்த மிஷின்ல காப்பி போட்டுக் குடுத்தாருங்க. கடைசி டம்ளருக்கும் சூடு நிக்குதான்னு பாத்தாரு. எம்பட காப்பியில பாதி குடிங்கன்னேன். 'வேண்டாம்டா, அவ குடுக்கட்டும், அப்பறம் குடிச்சுக்கறேன்'னு டம்ளரத் தள்ளிப்போட்டாருங்க."

அதைக் கேட்டு நான் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதீங்க. எனக்கு வந்தது ஆத்திரம். எட்டுப் பேருக்கு ஊற்றிக் கொடுத்த மனுசனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. நான் வாங்கின பழி ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. நீங்க வாங்கினது நான் சாகிறவரைக்கும். வளையம்கூட ஜென்மத்துக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீங்க. தினமும் அந்த மிஷின் மூடியைத் திருகும்போது என் விரலில் அது இடிக்கிறது. ஒழுகவே மாட்டேன் என்கிறது, பாழாய்ப்போனது.

பொழுது சாய்கிறது. மக கூப்பிட்டுவிட்டாள். படையல் முடித்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

முடிந்ததுங்க. உங்க மக, மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மா, சரசா, பழனி, எல்லோரும் இருந்தாங்க. மிஷினைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். சிக்கரி இல்லாத தூள், எருமைப் பால். முதல் டம்ளரைப் போட்டு, இந்த பிளாஸ்க்கில் ஊற்றி, மூடியை என் பலம் அத்தனையும் போட்டு இறுக்கி, உங்க போட்டோ முன்னால் இலையோரம் வைத்தேன். "என்னம்மா இது, மூடியத் தொறந்து வெய்யி" என்றாள் மக. சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே மகளிடம், "வுடு கண்ணு, அது அவங்க ரெண்டு பேரு பஞ்சாயத்து" என்றாங்க. இப்போதெல்லாம் அவங்க என்னை பிளாஸ்க் சம்பந்தி என்று கூப்பிடுவதில்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாங்க. நான் மட்டும் உங்க முன்னால். இப்போதுதான் மூடியைத் திறந்தேன். ஆவி பறக்கிறது. நல்ல பிளாஸ்க்தான், குறை சொல்ல முடியாது. பாதியை நான் குடித்துவிட்டேன். நல்லா இருந்ததுங்க.

மிச்சம் பாதி இருக்கிறது. மூடியைத் திரும்ப இறுக்கிவிட்டேன். கேளுங்க, தாரேன்.