மூணாவது பாட்டு

கிட்டார் அதிர, தொண்டை கிழியக் கத்திப் பாடும் கிறிஸ்தவ மெட்டல் பாட்டுகள் என்றால் கண்ணுசாமிக்கு உயிர். வடக்கனந்தலில் அதைப் பற்றிப் பேச அவனுக்கு ஓர் ஆள் கிடையாது. நேற்று புது ஆல்பம் வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஏசு சாமிகிட்ட போயிடப் போறீங்களா?" என்று மனைவி பெருமாயி கேட்டாள். அவன் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினான்.

"பெருமாயி, மில்லுக்குப் போறேன். கேஸ்காரர் வருவாரு, காலி சிலிண்டரை வெளிய வச்சிருக்கேன். கரும்புக் கொல்லைக்கு வேலைக்குப் போனா சாவியப் பக்கத்து வூட்ல குடுத்துட்டுப் போ. நேத்து கொழம்பு நல்லா இருந்துச்சி, கோவத்துல சொல்லல. நான் எந்தச் சாமியையும் வுட்டுட்டுப் போவல. அந்தப் பாட்டு பாடறவங்க சாமிகிட்ட கத்திக் கேக்கறாங்க. எனக்குக் கத்த வராது, அதான் கேட்டுக்கினு கீறேன். போனை வச்சிட்டுப் போறேன்."

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நுணுக்கி எழுதினான்: "மூணாவது பாட்டு மட்டுமாச்சும் கேளு."

பாட்டில்லாத பஸ் பயணம் அவனுக்கு நீளமாக இருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தான். கரும்புக் கொல்லைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. தாளின் மறுபக்கத்தில், தேதியைச் சுற்றி அவள் எழுதியிருந்தாள்:

"கேட்டேன். தல வலிக்குது. இங்கிலீசு ஒண்ணும் புரியல. நம்ம புள்ள செத்த அன்னிக்கு நீங்களும் இப்பிடிக் கத்தியிருந்தா, நான் ஒண்டியா அழுதிருக்க மாட்டேன்."