காட்டுக்கோழிக் குரலில் கூப்பிட்ட கூடை

மே 14

ஐந்தாவது கூடையில் இன்றும் என் தோழி ஓய்லி என்னைத் தோற்கடித்தாள். அறுபத்திரண்டு வயது! பிர்ச் மரங்களுக்கு நடுவில் தட்டை அப்படி வளைத்து விட்டாள். அது கூடைச் சங்கிலியில் ஜல்லென்று விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பாவி. இருபது வருடமாக இந்தப் பின்லாந்துக் காட்டில் தட்டைக் கூடைக்கு எறியும் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறோம், ஒருநாளாவது போனால் போகிறது என்று விட்டுக்கொடுக்கிறாளா?

சங்கத்தின் அறிவிப்பு வந்திருக்கிறது. நம் மைதானத்தை ஒட்டிய காட்டில் பத்தொன்பதாவது கூடை ஒன்று வைக்கப் போகிறார்கள். ஐம்பது வருடம் கழித்து இந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து யோசனை சொல்ல வேண்டும். செப்டம்பர் கடைசியில் கூட்டம், கைதூக்கி முடிவு. எனக்கென்றே விட்ட அறிவிப்பு!

மே 15

தூக்கமே இல்லை. மரப் பிசினில் செய்த தட்டு: காட்டில் தொலைந்தால் நாலு வருடத்தில் மண்ணாகிவிடும். மரத்தின் உச்சியிலிருந்து உச்சிக்குப் போகும் மைதானம். பருவத்துக்குப் பருவம் தானே இடம் மாறும் எறிமேடை. பனியில் புதைந்தால் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் தட்டு. அது வந்தால் குளிர்காலத்தில் தட்டுக்கு வால் மாதிரி ரிப்பன் ஒட்டி, அதைப் பிடித்துத் தேடும் வேலை மிச்சம்.

கடைசி யோசனையை ரெய்யோவிடம் சொன்னேன். என் கணவன் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல், "சூடானா மேல வராது. பனிய உருக்கி இன்னும் கீழ போகும்" என்றான்.

பள்ளியில் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுப்பவள் நான். இது எனக்குத் தோன்ற வேண்டாமா?

ஜூன் 3

சவுனா நீராவிக் குளியல் முடித்து ஓய்லியும் நானும் படித்துறையில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பார்த்துக்கொண்டே என்று எழுதிவிட்டேன். அதுதான் விஷயம்.

"ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது டெல்லு. நடுவுலதான் யாரோ ஈரத்துணியால தேச்ச மாதிரி. உன்னைப் பார்த்தா காது ரெண்டும் தெரியுது, மூஞ்சியக் காணோம்."

"பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல."

"அதான் நானும் டாக்டர்கிட்ட சொன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நிறுத்த முடியாமல் அழுதது நான்தான், அவள் இல்லை. நடுப்பார்வை திரும்பாது என்று காயானி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். இரண்டு கண்ணும். குளிர்காலத்திலிருந்தே இப்படித்தானாம், என்னிடம் மூச்சு விடவில்லை. எறிமேடையிலிருந்து அவளுக்குக் கூடையே தெரிவதில்லை. பழைய மைதானம் மனப்பாடம் என்பதால் ஓட்டியிருக்கிறாள். இப்போது கிட்டப்போய் எறியும்போதுகூடத் தவறுகிறது.

"செப்டம்பர் கூட்டம் வரைக்கும் ஆடறேன். அப்புறம் தட்டுப் பையைப் பழைய சாமான் கடையில வித்துடுவேன்."

உளறாதே, உன் பிறந்தநாளுக்குப் புதுத் தட்டு வாங்கித் தருகிறேன் என்றேன்.

"எனக்கு எதுக்குடி இனிமே புதுசு?"

ஜூன் 4

விற்க விடமாட்டேன்.

ஜூன் 19

கூடை தெரியவில்லையா? கூடை கூப்பிடட்டுமே! இவ்வளவுதானே? எதிர்காலத்தில் கூடைகள் பேசும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் சொல்லட்டும். நம் ஊரில் நான்தான் முதல்.

நடுக்கோடைத் திருநாளுக்கு எல்லோரும் நெருப்பு மூட்ட விறகு அடுக்க, நான் கொட்டகையில் ஈயம் உருக்கி ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். பழைய சரக்கு வண்டியில் கழற்றிய பீப்பொலிப் பெட்டியைக் கூடையில் மாட்டினேன். ஓய்லி எறிமேடையில் நின்று ரொம்ப நேரம் கேட்டாள்.

"லாரி ரிவர்ஸ்ல வருது. எறியத் தோணல டெல்லு, ஒதுங்கத்தான் தோணுது."

ஜூலை 9

சங்கத் தலைவன் ஜார்க்கோவிடம் பெட்டியைக் காட்டினேன். நாற்பது வயசுக்காரன், நல்லவன்தான், ஆனால் முகத்தை எப்போதும் கூட்டம் நடத்துகிற மாதிரியே வைத்திருப்பான்.

"அக்கா, நம்ம ஆளுங்க காட்டுக்கு வர்றதே சத்தம் இல்லாம இருக்கத்தான். அங்க போயி இதை அலற விட்டா எவன் கை தூக்குவான்?"

அவனுடைய யோசனை: ஏரியில் தெப்பத்தின் மேல் ஒரு கூடை, காற்றடிக்கும் பக்கமெல்லாம் நகரும். தினம் ஒரு புது ஆட்டம். சே! நல்ல யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்து, ரெய்யோ சுட்டு வைத்திருந்த பான்கேக் முழுவதையும் தின்றேன்.

ஆகஸ்ட் 2

ஓய்லியோடு புளூபெர்ரி பறிக்கப் போனேன். அவள் விரல்களால் தடவியே பறிக்கிறாள், என் வாளியைவிட அவள் வாளி சுத்தம். திடீரென்று கையை உயர்த்தினாள். மெல்லிசாக ஒரு சீட்டி. ஸீ... ஸீ... ஸிஸிஸி. காட்டுக்கோழி, அதிலும் சின்ன ஜாதி.

"அந்தக் கல்லுக்கு வலப்பக்கம். மூணாவது மரம். தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேல."

எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஒன்றும் தெரியவில்லை. அந்த மரத்தடிக்குப் போய்க் கிளையைத் தட்டினேன். படபடவென்று என் தொப்பியை உரசிக்கொண்டு பறந்தது!

வாளியைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். "பெர்ரி, பெர்ரி" என்று கத்தினாள். போனால் போகட்டும். காட்டில் எந்தச் சத்தம் சத்தமே இல்லை? காட்டின் சத்தம்தான்.

ஆகஸ்ட் 24

வேலை செய்கிறது! வேலை செய்கிறது!!

காட்டுக்கோழியை வரவழைக்க வேட்டைக்காரர்கள் ஊதும் சின்னச் சீட்டியை நானே ஊதிப் பதிவு செய்து, உள்ளங்கை அளவுப் பெட்டியில் அடைத்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கூடையே கூவும். பத்தொன்பதாவது கூடைக்கு ஒதுக்கிய இடத்தில் சங்கத்தின் பழைய கூடை ஒன்று நிற்கிறது, அதில் மாட்டினேன். ஓய்லி கண்ணை மூடிக்கொண்டாள்; மூடினால்தான் காது திறக்கிறதாம். முதல் மூன்று தட்டும் இடப்பக்கம் போயின. அடுத்தது கூடையின் காலில் பட்டது. அதற்கடுத்தது— ஜல்!

அவள் குதித்தாள். இருபது வருடத்தில் அவள் குதித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த தட்டை நேர் எதிர்ப்பக்கம் எறிந்தாள். நிஜக் காட்டுக்கோழி ஒன்று பதில் கொடுத்திருக்கிறது, அதைக் கூடை என்று நினைத்துவிட்டாள். "உன் கூடையைவிட நல்லாக் கூப்பிட்டுது, நான் என்ன பண்ண?" என்கிறாள். தட்டைத் தேட ஒரு மணி நேரம் ஆனது. பையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 10

ஐயோ, நான் ஒரு மடச்சி. இந்தத் தேதி நம் ஊரில் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். காட்டுக்கோழி வேட்டை தொடங்கும் நாள்! பெட்டியில் என்ன குரலை வேண்டுமானாலும் அடைத்திருக்கலாம். இதை அடைத்துவிட்டு, இன்றைக்குப் போய் அதைக் காட்டில் கூவ விட்டிருக்கிறேன்.

எறிமேடையில் நின்றோம். கூடை கூவியது. புதர்ப்பக்கமிருந்து பதில் வந்தது.

"இது நிஜப் பறவை. ஆனா ஜலதோஷம் போல, சுருதி சேரல" என்றாள் ஓய்லி.

கூடை கூவ, பறவை பதில் சொல்ல, இப்படியே கொஞ்ச நேரம். பறவை கிட்டே கிட்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஓய்லி கண்ணை மூடினாள், எறிந்தாள். நல்ல தூரம், நடுவில் இரண்டு ஸ்ப்ரூஸ் மரம் வேறு. ஜல்!

"அம்மா!" என்று கூடை அலறியது.

கூடை எங்கே அலறும்? அதன் அடியில் புளூபெர்ரிச் செடிகளுக்குள்ளிருந்து ஆரஞ்சுத் தொப்பியோடு ஒருவன் எழுந்தான். சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சேறு. வாயில் சீட்டி. ஜார்க்கோ! அவன் சீட்டியடிக்க, கூடை பதில் சொல்ல, இது பக்கத்தில் வராத கிழட்டுச் சேவல் என்று முடிவு கட்டி வயிற்றால் ஊர்ந்தே வந்திருக்கிறான்.

"இது... கூடையா?"

"இல்ல, கிழட்டுச் சேவல்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சங்கிலிக்குள் கிடந்த தட்டைப் பார்த்தான், எறிமேடையைப் பார்த்தான். "யார் எறிஞ்சது?"

"நான்தான்" என்றாள் ஓய்லி. "யாருப்பா அது, ஜார்க்கோவா? நீ அங்க இருக்கறது தெரியவே இல்லையே."

"ஆரஞ்சுத் தொப்பி போட்டிருக்கேன் அக்கா."

"அப்படியா? எனக்கு உன் முழங்கைதான் தெரியுது."

ஜார்க்கோ தொப்பியைக் கழற்றினான். அவளுக்குக் கண் இப்படி என்பது இன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

செப்டம்பர் 11

அவன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, அதை முதுகில் மாட்டிக்கொண்டுதான் ஊர்ந்தான். இருந்தாலும் அவன் சுட்டிருந்தால்? பெட்டியைக் கழற்றி வந்துவிட்டேன். ரெய்யோ இதுவரை மூன்று முறை சிரித்துவிட்டான். அவனுக்கு அது ஒரு வருடத்துச் சிரிப்பு.

செப்டம்பர் 28

கூட்டம். காபி, ஏலக்காய் பன், கை தூக்கத் தயங்கும் கும்பல். தோற்றால் ஓய்லி பையை விற்றுவிடுவாள், அது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது.

ஜார்க்கோ எழுந்தான். தெப்பக் கூடையைப் பற்றிப் பேசப் போகிறான் என்று நினைத்தேன்.

"பதினஞ்சு வயசுலேர்ந்து காட்டுக்கோழி வேட்டைக்குப் போறேன். இந்த மாசம் ஒரு கூடையை வேட்டையாடினேன்" என்றான்.

கூடம் அதிர்ந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னான். சேற்றில் ஊர்ந்ததையும் அலறியதையும்கூட. "கண்ண மூடிக்கிட்டு ஓய்லி அக்கா போட்டதை, கண்ணத் திறந்துக்கிட்டு நான் போட்டதில்ல. தெப்பம் அடுத்த வருஷம் மிதக்கட்டும், இந்த வருஷம் கூவற கூடைதான். ஒரே நிபந்தனை, வேட்டைக் காலத்துல அது குயில் மாதிரி கூவணும். ஜூலையோட வாயை மூடிக்கற குயில் செப்டம்பர்ல கூவினா அது பொய்க்குயில்னு எல்லாருக்கும் தெரியும்."

ஓய்லி எழுந்தாள். "எனக்கும் ஒரு நிபந்தனை. எனக்காக மட்டும்னா அந்தக் கூடை வேண்டாம். அங்க ஆடறவங்க எல்லாரும் கண்ணக் கட்டிக்கணும்."

எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எண்ணவில்லை. எனக்கும் நடுவில் மங்கலாகத்தான் தெரிந்தது.

அக்டோபர் 12

ஊரே கூடி வேலை. ஒருவர் குழி தோண்ட, ஒருவர் எறிமேடைக்குப் பலகை அறைய, ரெய்யோ பெரிய அண்டாவில் தொத்திறைச்சி சூப் காய்ச்சினான். கூடை குயில் குரலில் கூவியது. எல்லோரும் கழுத்துத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பின்லாந்துக்காரர்கள் பேச மாட்டார்கள் என்று யார் சொன்னது? கண்ணைக் கட்டிவிட்டால் வாய் மூடுவதே இல்லை.

ஜார்க்கோவின் தட்டு சூப் அண்டாவுக்குள் விழுந்தது. ஓய்லி ஜெயித்தாள். என்னையும் சேர்த்து அத்தனை பேரையும் தோற்கடித்தாள், கொஞ்சமும் இரக்கமில்லை.

ஐம்பது வருடம் கழித்து எல்லா மைதானமும் கூப்பிடும். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பறவை. எழுதி வைக்கிறேன்.

இன்றும் பையைப் பற்றிக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

நவம்பர் 6

முதல் பனி.

ஓய்லியைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். வழியில்தான் பழைய சாமான் கடை. வண்டியை மெதுவாக ஓட்டினேன். அந்தக் கடையை நாங்கள் தாண்டியபிறகு, விளையாட்டுச் சாமான் கடை வாசலில் நிறுத்தச் சொன்னாள்.

உள்ளே போய் ஒவ்வொரு தட்டாக எடுத்து விளிம்பைத் தடவினாள், எடை பார்த்தாள், கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரி கேட்டாள், "இதுல நாலு நிறம் இருக்கு. எந்த நிறம் வேணும்?"

"என்னை எதுக்குக் கேக்கற? இவளைக் கேளு. தேடப் போறது இவதானே."

ஜார்க்கோவின் தொப்பி நிறத்தில் ஒன்று எடுத்தேன். வண்டியில் உட்கார்ந்து அதற்கு வால் மாதிரி ரிப்பன் ஒட்டிக் கொடுத்தேன்.