என் போனுக்கு மட்டும்

இன்று காலை நெட் லைன் பார்க்க வந்தவர் நம் மோடத்தின் மேலிருந்த உறையைக் கழற்றினார். சூடேறிய பிளாஸ்டிக்கும் பஞ்சுத்தூசியும் கலந்த வாடை வந்தது. நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறி இறங்கும்போதெல்லாம் உங்கள் சட்டையில் ஒட்டிவரும் அதே வாடை. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் இன்றைக்கு உங்களிடம் பேசியே ஆகவேண்டும்.

"ஏனுங்கக்கா, மோடத்துக்குமா பனியன்?" என்று அவர் சிரித்தார்.

அந்த உறையைத் தைத்தது நான்தான், பனியன் வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணியில். முன்னறையில் என் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடினால் வீடெல்லாம் பஞ்சு பறக்கும். அது உள்ளே போய், பெங்களூரில் இருக்கும் மகளின் முகம் வீடியோ காலில் நின்றுவிடக் கூடாதே என்று பயம். அவளாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டபோது நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "புள்ளை பேசுனா பேசு, நானொன்னும் சொல்லுல" என்றீர்கள். நம் நெருப்பெரிச்சல் ஊரில் எல்லாரும் உங்களைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அவள் முகம் வரும். வாய் திறந்தபடியே நின்றுபோகும். "ஏனுங்க, மறுக்கா நின்னுபோச்சு" என்று கத்துவேன். எம்பிராய்டரி கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் நீங்கள். எனக்கு என்ன தெரியும்? ஸ்டூலில் ஏறிப் பிளக்கைப் பிடுங்கிச் செருகுவீர்கள். "இப்படிப் பனியனைப் போட்டு மூடுனா சூடாகாம என்ன பண்ணும்?" என்பீர்கள். கழற்றி வைத்தேன். அடுத்த வாரம் "பஞ்சு பூந்திருச்சு, உன்ற வேலைதான்" என்றீர்கள். பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாகத் தட்டிவிட்டு மறுபடி உறை போட்டேன். பீரோ பக்கம் இருந்ததை ஜன்னல் பக்கம் மாற்றினோம். அப்போதும் அவள் முகம் நின்றுதான் போனது. உங்கள் போனில் மட்டும் கிரிக்கெட் ஒரு பந்துகூட நிற்காமல் ஓடியது. கேட்டதற்கு "உன்ற போனு பழசு" என்றீர்கள். போனுக்குத் தனியாக நெட் போட்டுத் தரச் சொன்னேன். ஊட்டில் இருக்கும்போது அது எதற்கு என்றீர்கள்.

பேரன் பிறந்தான். அவனைக் காட்டத்தான் அவள் கூப்பிடுவாள். நெற்றி வரும், ஒரு கை வரும், அதோடு சரி. ஒரு நாள் அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"பேசப் புடிக்கலீன்னா சொல்லீரும்மா. எதுக்குக் கட் பண்ணிக் கட் பண்ணி உடறே?"

நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். காதில் விழாதது மாதிரி டீ குடித்தீர்கள். அதற்குப் பிறகு நோம்பி, பண்டிகைக்கு ஒரு தரம்தான் அவள் கூப்பிட்டாள்.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த சேதி கேட்டு, குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "அப்பா ஒருத்தருதான் எனக்காக ஸ்டூல்ல ஏறி எறங்குனாரு" என்று உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

லைன்காரர் தன் போனில் வேகத்தைப் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். என் போனில் பார்த்தார், முள் நகரவில்லை. மோடத்தின் பாஸ்வேர்டு கேட்டார். காலண்டரின் பின்பக்கம் உங்கள் கையெழுத்தில் இருந்ததைக் காட்டினேன். அதைப் போட்டு மோடத்தின் செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தவர், "ஊடுன்னு பேர் போட்டிருக்கற போனு ஆரோடதுங்க்கா?" என்றார்.

பெண்டாட்டி என்பதற்குப் பதிலாக என்னை 'ஊடு' என்று சொல்லும் ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

"இதுக்கு மட்டும் வேகத்தக் கொறச்சு வெச்சிருக்குதுங்க. தானா ஆகாதுங்க. ஆராச்சும் உள்ள போயி வெச்சாத்தான்."

பேசாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கோபித்துக்கொண்டு பெங்களூருக்கே பஸ் ஏறியிருப்பேன். அதற்கு இடம் கொடுக்காமல், என் கையிலேயே பிரஷ்ஷைக் கொடுத்து, நான் தைத்த துணியைக் குற்றவாளி ஆக்கினீர்கள். நானும் என்னையே திட்டிக்கொண்டு தூசி தட்டினேனே! ஸ்டூல் மேலே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

லைன்காரர் அதை எடுத்துவிட்டுப் போனபின், மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன். முகம் நிற்கவில்லை. பேரனுக்குக் கீழே இரண்டு பல். அவன் சிரித்து முடிக்கும்வரை பார்த்தேன்.

"இப்ப மட்டும் எப்படிம்மா நல்லா வருது?" என்றாள்.

"நான் ஒரு நாளும் கட் பண்ணுல கண்ணு."

"அப்ப ஆரும்மா?"

உங்கள் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. குழந்தை அழுகிறான், பாரு என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது. அவள் மறுபடி கேட்பாள், உங்கள் மகளாயிற்றே. கேட்டால் சொல்லிவிடுவேன். அதை முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்கிறேன். நீங்கள் எனக்கு அதைக்கூடச் செய்யவில்லை.