முன் சீட்டுத் துண்டு

என்னங்க,

கோபம் ஆறிவிட்டதென்று நினைக்காதீர்கள். இது வேலை விஷயம்.

இழுவை ரயிலில் மலையுச்சிக்கு வந்து உங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், உச்சி ஸ்டேஷனில் இருக்கும் என் டிக்கெட் கவுண்டருக்கே திரும்பி வந்து புலம்புகிறார்கள். "எல்லாரும் ஏறியாச்சு. டிரைவர் ஸ்டேஷன் வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காரும்மா. முன் சீட்டுல துண்டைப் போட்டு வச்சுக்கிட்டு யாரையும் உக்கார விடமாட்டேங்கிறார்."

சண்டை போட்ட நாளிலிருந்து நான் பின்வாசல் வழியாக அக்கா வீட்டுக்கு நடந்தே போகிறேன் என்பது தெரிந்தும் இப்படியா? உங்களுக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டே எனக்கு வாய் வலிக்கிறது.

அக்கா வீட்டில் தலையணையும் சரியில்லை.

நாளைச் சாயங்காலம் அந்தத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே நான் உட்கார வேண்டும்.

இன்னும் கோபமாகவே இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி