மெஷின் சொன்ன சம்மதம்

முட்டம்,
5-7-2014, சனி

அன்புள்ள ஸ்மைலின் அப்பாவுக்கு, ரெஜிஷா எழுதுவது. இயேசுவுக்கே புகழ். நானும் மகளும் அத்தையும் சுகம். உங்கள் சுகத்துக்கு உடனே மெயில் போடவும்.

போனில் பேசினால் நான் அழுகிறேன், நீங்கள் எரிந்து விழுகிறீர்கள். இனிமேல் வேலை விஷயத்தை எழுத்தில் மட்டும் பேசுவோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இதோ தொடங்கிவிட்டேன். டிசம்பரில் உங்கள் தோஹா கம்பெனி ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் இன்னொரு வேலை கிடைக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சனிக்கிழமை தவறாமல் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உங்கள் பெயரில் விண்ணப்பிக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் முடிவதில்லை. அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று வாசித்துப் பார்க்காமல் அனுப்ப எனக்கு மனசு வராது. குளிர்பதன மெக்கானிக் தேடுகிறவர்களில் மலப்புறத்தில் ஓர் ஐஸ்கிரீம் கம்பெனி. கோவையில் ஒருவர் ஆஸ்பத்திரிப் பிணவறைகளுக்குக் குளிர்பெட்டி செய்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தை எப்படி அனுப்புவது? பிணவறைக்காரருக்கு ‘நான் மிகவும் பொறுமைசாலி’ என்று உங்கள் பெயரில் ஒரு பொய்யும் சேர்த்து எழுதினேன்.

உங்கள் ரூமில் இருக்கிற விபின் இதற்கு ஏதோ மெஷின் செய்திருக்கிறார் என்றீர்களே, அது என்ன? அதற்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? வாசித்துவிட்டுத்தான் அனுப்புமா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு அனுப்புமா? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
ரெஜிஷா


தோஹா,
11-7-2014, வெள்ளி

அன்பு மக்களே ரெஜிஷா,

நலம். பிணவறைக் கதையை வாசித்துக் காட்டினேன், விபின் கட்டிலிலிருந்து விழாத குறை. மெஷின் என்றால் சக்கரம் வைத்தது என்று நினைத்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டரில் அவன் எழுதிவைத்த ஒரு புரோகிராம், அவ்வளவுதான். வேலை வெப்சைட்டுகளில் ஏசி, குளிர்பதனம் என்று எங்கே கண்டாலும் அது போய் என் பயோடேட்டாவைக் கொடுத்துவிடும். கேள்வி கேட்டால் நாம் முதலிலேயே சொல்லிவைத்த பதிலைப் போடும். இரவு வேலைக்குச் சம்மதமா? சம்மதம். சொன்ன ஊரில் தங்கி வேலை செய்ய? சம்மதம். எல்லாவற்றுக்கும் சம்மதம் என்றுதான் வைத்திருக்கிறோம். “வாசிச்சு யோசிச்சு நின்னா இன்னொருத்தன் கேறிப் போவான் பாத்துக்க” என்கிறான் விபின்.

நான் ஒரு டூட்டி முடித்து வருவதற்குள் அது நாற்பது இடத்துக்குப் போய்வருகிறது. நீ மூன்று!

ஒரு பந்தயம் வைப்போம். முதல் பதில் மெஷினுக்கு வந்தால் நீ சனிக்கிழமை வெயிலில் அலைவதை விட்டுவிட வேண்டும். உனக்கு வந்தால் நீ சொல்வதை நான் கேட்கிறேன். வருகிற மெயில்களை நீயே பார்த்துக்கொள், பாஸ்வேர்டு உன்னிடம் இருக்கிறதே. மகளுக்கு முத்தம்.

உன்,
சிஜோ


முட்டம்,
2-8-2014, சனி

அன்புள்ள ஸ்மைலின் அப்பாவுக்கு,

பந்தயத்தில் உங்கள் மெஷின் ஜெயித்துவிட்டது. முதல் பதில் கோட்டயத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாகச் சேர உங்களுக்கு ஆசையாம்! ஏசி அறைகள் உள்ள விடுதி என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள், உங்கள் மெஷினுக்கு அது போதாதா? அந்த அம்மா மிகவும் மரியாதையாக மறுத்து எழுதியிருக்கிறார். சென்டரில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

அடுத்த மெயிலுக்குச் சிரிப்பு வரவில்லை. நம் துறைமுகத்துப் பக்கத்து ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். ‘முட்டத்தில் தங்கி வேலை செய்யச் சம்மதம்’ என்று நீங்கள் பதில் கொடுத்திருக்கிறீர்கள். இருபதாம் தேதி போனில் இன்டர்வியூ.

அந்த விளம்பரத்தை நான் ஜூன் மாதமே பார்த்தேன். வேண்டுமென்றே விட்டேன். போன லீவில் அங்கே மேனேஜராக இருக்கிற ரசலையன் அண்ணன், “ஊருலயே நின்னுக்கிடலாமே சிஜோ” என்று கேட்டபோது, கோவில் முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் “இந்தச் சவத்துக்கா நான் கடல் தாண்டிப் போனேன்?” என்றீர்கள். அதைக் கேட்டபிறகு நான் எப்படி அனுப்புவேன்?

அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திருவிழாவில் ஐந்தாம் நாள் கல்ஃப்காரர்கள் செலவு அல்லவா, நோட்டீசில் உங்கள் பெயர் வருகிறதே, அதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை. “எக்க மவன் பேரு நோட்டீசுல இல்லாம நான் எந்த மொவத்த வச்சிட்டு கோயிலுக்குப் போவேன் மக்களே?” என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார்கள்.

எனக்கு நோட்டீஸ் வேண்டாம், நீங்கள் வர வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறேனாம், பக்கத்து வீட்டு செல்லபாய் அக்கா சொல்கிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தச் சம்மதம் உங்களுடையதா, மெஷினுடையதா? மெஷினுடையது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நானே வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன்.

ரெஜிஷா


தோஹா,
29-8-2014, வெள்ளி

அன்பு ரெஜிஷா,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபமாக இருப்பாய். போனிலும் பிடிகொடுக்காமல்தான் பேசினேன்.

அது மெஷினுடையதுதான். அப்படி ஒரு விளம்பரம் வந்ததே எனக்குத் தெரியாது. உன் மெயிலை வாசித்ததும் முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. மெஷினுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் அனுப்பியது. உனக்கு எல்லாம் தெரியும், அதனால் அனுப்பாமல் விட்டாய். கோவில் முற்றத்தில் நாலு பேர் நிற்கும்போது ஒருவன் வீம்புக்குச் சொல்வதை வீட்டுக்காரியுமா நம்புவாள்? அப்புறம் யோசித்தேன். நான் வேறு மாதிரி ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லையே, நீ எதை நம்புவாய்?

இன்டர்வியூவுக்கு முன்பே அந்த விண்ணப்பத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். “உனக்கு மண்ட கொழம்பிப் போச்சா மக்கா?” என்று விபின் கத்தினான். சம்மதம் என்னுடையதாக இருக்கட்டும் என்று நானே உட்கார்ந்து, அதே கம்பெனிக்கு வேறொன்று என் கையால் எழுதினேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. ஒரு நாளில் மூன்று எழுதும் உன்னைக் கும்பிட வேண்டும். இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும் என்கிற இடத்தில் கம்ப்ரசரைப் பற்றி எழுதத்தான் நினைத்தேன். ‘என் வீடு அங்கே இருக்கிறது’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

நேற்று ரசலையன் அண்ணன் பதில் போட்டார். வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். யோசித்து நின்றால் இன்னொருத்தன் போய்விடுவான் என்று விபின் சொன்னது சரியாகப் போயிற்று. அவனை மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த வரியை எழுதியபிறகு வேறு எந்த ஊருக்கும் சம்மதம் என்று போட என்னால் முடியவில்லை.

டிசம்பரில் வருகிறேன். வேலை இல்லாமல்தான் வருகிறேன். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே போன் செய்து சொல்லிக்கொள்கிறேன். அந்த நேரம் நீ மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடு.

உன்,
சிஜோ